யாரும் கால் வைக்காத சேறு

மெல்றோயைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வாவியைக் காத்தவர்கள் என்று ஒரு மலர் போடுகிறார்களாம். படத்தோடு, வாழ்க்கைக் குறிப்போடு. "ரீச்சர், நீங்க அவரோட ஒரே வீட்டில இருந்தனீங்க. உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றான் வந்தவன். எல்லாம் தெரியும், அதில் குறையில்லை. நல்ல வார்த்தைக்குத்தான் பஞ்சம். கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். அச்சடிப்பதும் அடுப்பில் வைப்பதும் அவர்கள் பாடு.

மெல்றோய் என் தங்கை பிறிசில்லாவின் புருஷன். நாங்கள் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன வழி. தச்சு, கொல்லு, தோல், தையல் என்று கையால் செய்கிற வேலை எதுவானாலும் ஒரு காலத்தில் ஊர் எங்களைத் தேடித்தான் வந்தது. மெல்றோயின் தகப்பன் செய்த அலுமாரிகள் இன்றைக்கும் நகரத்து வீடுகளில் கதவு இறுக்கமாய்ப் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. மகனும் ஒரு கதிரை செய்தான். கோயிலுக்கென்று செய்த கதிரை. பாதிரியார் அதில் இருந்த மாத்திரத்தில் தரைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவன் உளியைத் தொடவில்லை. மரங்கள் தப்பின.

அவனுக்குத் தெரிந்த தொழில் இரண்டு. ஒன்று கலியாண வீட்டில் ஆடுவது. அதை நன்றாகவே செய்வான், பொய் சொல்லக் கூடாது. மற்றது ஆங்கிலம். ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு ஒரு கூடை ஆங்கிலம் கொட்டுவான். தபால்காரனிடம் கூட. தன் முப்பாட்டன் கப்பல் ஓட்டி வந்த கப்டன் என்பான். அந்தக் கப்டனின் வாரிசோ, முகத்துவாரத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கூச்சல் போடுகிறவன். பிறிசில்லா இதையெல்லாம் கண்டும் ஏன் கட்டினாள் என்று கேட்காதீர்கள். ஆட்டத்தைப் பார்த்து மயங்கினாள். ஆட்டம் எத்தனை நாளைக்குச் சோறு போடும்? இரண்டு பெண் பிள்ளைகளையும் அவள்தான் கேக் அடித்து விற்று வளர்த்தாள்.

எனக்கும் என் புருஷன் எறோலுக்கும் கடலோரம் டச்பாரில் வீடு. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மறுநாள் காலை நான் நகரத்துக் கோயிலுக்குப் பூசைக்கு வந்திருந்தேன். எறோலுக்கு முழங்கால் வலி, வரவில்லை. கடல் வந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் மிச்சம். எறோலை மறுநாள் கண்டெடுத்தார்கள். இதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

மெல்றோய் வீட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. தந்தவன் அதை ஒரு நாளும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும், "இவ எங்கட கிளாடிஸ் அக்கா. சுனாமியில எல்லாம் போச்சு. நாங்கதான் பாக்கிறம்" என்று என் முன்னாலேயே ஒப்புவிப்பான். நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்தவள், எனக்குப் பென்சன் வருகிறது, சந்தைக்கு நான்தான் போகிறேன் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் வள்ளம் மழையாய்ப் பெய்தது. எந்த நாட்டிலிருந்து எந்தச் சங்கம் வந்தாலும் வள்ளம்தான் கொடுக்கும். கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மெல்றோய் வரிசையில் நிற்கவில்லை. நேரே போய்ச் சங்கத்துப் பெண்மணிக்குக் கை கொடுத்து, கப்டன் முப்பாட்டனிலிருந்து கதையை ஆரம்பித்தான். வலையில் எந்தப் பக்கம் மிதப்பு, எந்தப் பக்கம் ஈயம் என்று தெரியாதவனுக்கு இயந்திரம் பூட்டிய புது வள்ளம் வந்து சேர்ந்தது. கூடவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவான். "மழைக்காலம், வெள்ளம் வந்தாலும் வரும்" என்பான். வெட்கம் என்று ஒன்று கடையில் விற்றாலும் அவனுக்கு வாங்கத் தோன்றாது.

வள்ளம் கொஞ்சக் காலம் சும்மா கிடந்தது. பிறகு கிழக்கில் சண்டை ஓய்ந்தது. அதுவரை இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரை, அதாவது வாவியின் மேற்குக் கரை, ஆமியின் கைக்கு மாறியது. பாதை திறந்ததும் ஆராய்ச்சிக்காரர் வரத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர்தான் பனிக்கரைப் புரொபசர். பெயரை எழுத மாட்டேன், என் வாய்க்கும் அது வராது. உலகத்தின் உச்சியில், கடல் உறைந்து கிடக்கிற கரையில், பல வருடம் சேறு அள்ளிய மனிதர். அந்தச் சேற்றில் வாழ்கிற பூஞ்சணங்களை எண்ணுவது அவருடைய வேலை.

பூஞ்சணம் என்றால் பழைய பாண் ரொட்டியில் பச்சையாய்ப் பூக்கிறதே, அந்தச் சாதிதான். ஒரு கரண்டிச் சேற்றில் நூற்றுக்கணக்கான வகை இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாது. உதிர்ந்த இலை, செத்த மரம், செத்த நண்டு எல்லாவற்றையும் அவைதான் தின்று கரைத்து, இறாலுக்கும் மீனுக்கும் தீனியாக்குகின்றன. பனிக்கரையில் ஆராய்ச்சி நிலையம் கட்டி, வண்டி ஓட்டி, எண்ணெய் சிந்திய இடங்களில் அவற்றின் வகைகள் குறைந்துபோய், முரட்டு வகை சில மட்டும் மிஞ்சியிருந்ததாம். சுனாமியும் சண்டையும் கண்ட வெப்பநாட்டு வாவியில் மனிதக் கை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். எங்கள் வீட்டு மேசையில் பிறிசில்லாவின் லம்பிறைஸ் சோற்றுப் பொதியைத் தின்றுகொண்டு இதைச் சொன்னார். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. மனிதர் கெட்டவர் இல்லை. ஆங்கிலம் பேசுகிற எவனையும் நம்புகிற ஒரு வியாதி மட்டும் அவருக்கு இருந்தது.

அவருக்கு மூன்று விதச் சேறு வேண்டும். ஒன்று நகரத்துப் பாலத்தின் கீழே, குப்பையும் எண்ணெயும் சேருகிற இடம். இன்னொன்று மக்கள் காலம்காலமாய்த் தொழில் செய்கிற இடம். மூன்றாவது மனிதக் காலே படாத இடம். மூன்றையும் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு வரும்.

"ஐ நோ எவ்ரி இஞ்ச்" என்றான் மெல்றோய். வாவியின் ஒவ்வோர் அங்குலமும் தெரியுமாம்! அவனுக்கு எங்கள் வீட்டுக் கிணற்றடியே முழுசாய்த் தெரியாது.

தொழில் செய்கிற இடமாகக் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வாவிக்கரையைக் காட்டினான். அங்கே சீதேவிப்பிள்ளை என்கிற பெண்ணின் மட்டைக் கிடங்குகள், தேங்காய் மட்டை ஊறப் போடுகிற குழிகள், இருந்தன. சீதேவிப்பிள்ளையை எனக்கு நெடுநாள் பழக்கம். அந்தப் பக்கத்துப் பள்ளியில் நான் படிப்பித்த காலத்தில் அவர் மகள் விதுர்ஷா என் வகுப்பில் இருந்தாள். விதுர்ஷா கைப்பிள்ளையாக இருந்தபோது வேலைக்கென்று போன தகப்பன் திரும்பி வரவில்லை. பிடித்துக்கொண்டு போனவர்கள் யார் என்று அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. அன்றிலிருந்து தாயையும் மகளையும் காப்பாற்றியது அந்தக் கிடங்குகள்தான்.

தேங்காய் உரித்த பச்சை மட்டையை வாவி ஓரத்துக் கிடங்கில் போட்டு, ஓலை பரப்பி, மேலே சேறு அப்பி மாதக்கணக்கில் ஊற விடுவார்கள். மட்டை அழுகிப் பதமானால் எடுத்து அடித்துத் தும்பாக்கிக் கயிறு திரிப்பார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அந்த அழுகலைச் செய்து தருவதும் புரொபசர் தேடி வந்த கண்ணுக்குத் தெரியாத கூட்டம்தான், பூஞ்சணமும் அதன் சொந்தபந்தமும். கிடங்கு சீதேவிப்பிள்ளைக்குத் தாய் கொடுத்த சீதனம். எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் பெண் வழியாய்த்தான் போகும். விதுர்ஷாவுக்கு என்று கொடுக்க அவரிடம் இருந்தது அது ஒன்றே.

புரொபசர் தானே கிடங்குக்குள் இறங்கி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடிக் குழாய்களில் கறுத்த சேறு அள்ளினார். சீதேவிப்பிள்ளை அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது இடத்துக்குத்தான் தடை வந்தது. அக்கரையில் ஒரு கண்டல் காடு, உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வேர் ஊன்றி நிற்கிற மரக்கூட்டம். இயக்கத்தின் காலத்திலும் ஆள் நடமாட்டம் இல்லாத இடம். வெள்ளைக்காரர் அங்கே போக ஆமி அனுமதி தரவில்லை. இடத்தைக் குறிக்கிற கருவியையும் கொண்டுபோகக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். புரொபசருக்கு முகம் செத்துப்போயிற்று. மெல்றோய் எழும்பி, மிதவைச் சட்டையின் பட்டியை இழுத்து மாட்டி, "லீவ் இற் ரு மீ, சேர்" என்றான். தானே தனியாகப் போய் அள்ளி வருகிறானாம். புரொபசர் அவனைக் கட்டிப்பிடித்தார். பாவம்.

மறுநாள் காலையில் போனவன் மதியச் சோற்றுக்கு வந்துவிட்டான். குழாய்கள் நிரம்பி, மூடி இறுக்கி, ஐஸ் பெட்டியில் இருந்தன. அங்கே முதலையைக் கண்டதாகவும், அது தன்னைக் கண்டு ஒதுங்கியதாகவும் புரொபசரிடம் சொன்னான். அவர் போனதும் காற்சட்டையைக் கழுவச் சொல்லிப் பிறிசில்லாவிடம் எறிந்தான். நான் முற்றத்தில் இருந்தேன். காற்சட்டை என்னைக் கடந்து போனதுதான் தாமதம், மூக்கைப் பொத்திக்கொண்டேன். கண்டல் சேற்று மணம் வேறு, மட்டை நாற்றம் வேறு. அதை மட்டக்களப்பில் குழந்தைக்கும் தெரியும்.

"மெல்றோய், எங்க அள்ளினாய்?"

"அக்கரையிலதான் அக்கா."

"என்ர மூக்கு இன்னும் சாகல்ல. உண்மையச் சொல்லு."

இளித்தான். "சீதேவிப்பிள்ளையிர பழைய கிடங்கில அக்கா. சண்டைக்குப் பயந்து சனம் எழும்பிப் போனதில இருந்து அத ஒருத்தரும் தொடல்ல. கண்டல் முளைச்சுக் காடாக் கிடக்கு. ஆரு கண்டது? அக்கரையில மிதிவெடி கிடக்காம். ரெண்டு பொம்புளப் புள்ளைகள வச்சிக்கொண்டு நான் சேத்துக்காகச் சாகவா?"

பயந்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மிதிவெடிக்குப் பயப்படாதவன் மடையன். பயமாயிருக்கிறது என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே! அதற்கு நாக்கு வரவில்லை. முதலையை விரட்டின கதைக்கு மட்டும் நாக்கு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். "புரொபசரிட்ட சொல்லு" என்றேன். "ஓம் ஓம், சொல்லுறன்" என்றான். புரொபசர் அடுத்த நாளே குழாய்களோடு விமானம் ஏறிவிட்டார்.

அடுத்த வருடம் வைகாசியில் யுத்தம் முடிந்தது. சந்திகளில் பட்டாசு வெடித்தார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் தெருவில் கதவுகள் சாத்தியே கிடந்தன. சமாதானத்தின் பின்னாலேயே திட்டங்கள் வந்து இறங்கின. அப்படி ஒரு திட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர் உதயரூபன். ஒரு தொண்டு நிறுவனத்து அதிகாரி. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைதான். ஆனால் வாவியை வான் வண்டியின் கண்ணாடிக்குள் இருந்தபடிதான் பார்ப்பார். கரையில் ஒரு பாதுகாப்பு வலயம் போட வேண்டும், அதற்கு விஞ்ஞானக் காரணம் ஒன்று வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவருக்குப் புரொபசரின் முடிவு பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி வந்து சேர்ந்தது.

முடிவு இதுதான். மனிதக் கால் படாத சேற்றில் பூஞ்சண வகைகள் ஏராளம். மட்டை ஊறுகிற கிடங்கில் வகைகள் மிகக் குறைவு. ஆகவே மட்டைத் தொழில் வாவியின் உயிரைக் கொல்கிறது. ஆகவே கிடங்குகளை மூட வேண்டும், கரைக்கு வேலி போட வேண்டும். வலயத்துக்குத் தலைமைக் காவலர் மெல்றோய். தொப்பியும் காக்கிச் சட்டையும் ஏற்கெனவே தைத்தாயிற்று.

விஷயம் கேள்விப்பட்ட அன்றைக்கு நான் சோற்றுக் கோப்பையை அவன் முன்னால் தள்ளி வைத்தேன்.

"ரெண்டும் ஒரே மனிசியிர கிடங்குச் சேறு. ஒண்டு இப்ப ஊறுறது, மற்றது நீ களவா அள்ளினது. ரெண்டையும் பக்கத்தில வச்சு அந்த மனிசியிர வாயில மண்ணப் போடப் போறாங்க. நீ சொல்லு. சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"சொல்லுறன் அக்கா. கூட்டத்தில எழும்பிச் சொல்லுறன். கர்த்தராணை."

பிறிசில்லா சாட்சி. பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. புரொபசரும் மறுபடி வந்திருந்தார். கிடங்கு வைத்திருந்த பெண்கள் எல்லாரும் வெளுத்த சேலை கட்டி, கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல அடக்கமாய் இருந்தார்கள். சீதேவிப்பிள்ளை விதுர்ஷாவோடு மூன்றாவது வரிசையில். மெல்றோய் மேடையில், காக்கிச் சட்டையில். இன்னும் வேலையே தொடங்கவில்லை, உடுப்பு மட்டும் தொடங்கிவிட்டது.

புரொபசர் படம் காட்டிப் பேசினார், உதயரூபன் தமிழாக்கினார். பேச்சின் நடுவே புரொபசரின் முகம் மலர்ந்தது. ஓர் அதிசயம் சொல்லப் போகிறாராம். மனிதக் கால் படாத அந்தச் சேற்றில், தென்னந்தும்பைத் தின்று வாழ்கிற பூஞ்சணங்கள் ஏராளமாய் இருந்தனவாம். யாரும் எதிர்பார்க்காத கண்டுபிடிப்பாம். மண்டபம் கை தட்டியது. மெல்றோயும் தட்டினான்!

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கூரையைப் பார்த்தான். கை தட்டி ஓய்ந்தது, கேள்வி இருக்கிறதா என்றார்கள், அவன் எழும்பவில்லை. நான் எழும்பினேன். தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் கேட்டேன்.

"அக்கரைக் கண்டலுக்க தென்னை மரமே இல்ல. தும்பு தின்னுற பூஞ்சணம் அங்க எப்பிடி வந்தது?"

புரொபசர் யோசித்தார். பிறகு மிகப் பணிவாக, சுனாமி அலை தேங்காய்களை அடித்துக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் தின்ற கடலின் தலையில் இதையும் கட்டுகிறார்கள்.

"அந்த அலை அந்தக் கரைக்கு வரல்ல" என்றேன். "அது எங்க வந்தது எண்டு எனக்குத் தெரியும். உங்கட சேறு அக்கரைச் சேறு இல்ல. சீதேவிப்பிள்ளையிர பழைய மட்டைக் கிடங்குச் சேறு. மேடையில இருக்கிறவரக் கேளுங்க."

மண்டபம் முழுக்க மெல்றோயின் பக்கம் திரும்பியது. ஓம் என்ற ஒரு சொல் போதும். இல்லை, தலையை ஆட்டினாலும் போதும். கிடங்குகள் தப்பும், விதுர்ஷாவின் சீதனம் தப்பும். அவனுக்குப் போவது ஒரு தொப்பிதான்.

எழும்பினான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். முதலில் புரொபசரிடம் ஆங்கிலத்தில், பிறகு சபைக்குத் தமிழில் சொன்னான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க. இவ எங்கட வீட்டில இருக்கிற அக்கா. சுனாமியில புருசன் போனதில இருந்து ஒள்ளுப்பம் மனம் சரியில்ல. இப்பிடித்தான் கதைப்பா. நாங்க ஒண்டும் சொல்லுறதில்ல, வச்சுப் பாக்கிறம்."

ச்சூ கொட்டினார்கள். மண்டபமே ச்சூ கொட்டியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் எனக்குக் கதிரையைத் திருப்பிப் போட்டு, "இருங்கம்மா, இருங்க" என்றார். புரொபசர் கண் கலங்கி எனக்குத் தலை வணங்கினார். உதயரூபன், "ரீச்சருக்குத் தண்ணி குடுங்க" என்றார். எறோலின் சாவைக் கொண்டுபோய் அந்த நாய் தன் தொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டான். இனி நான் எதைச் சொன்னாலும் அது இன்னும் பைத்தியக்காரப் பேச்சாகத்தான் போயிருக்கும். அதையும் அவன் கணக்குப் பார்த்தே செய்திருக்கிறான்.

சீதேவிப்பிள்ளை வாய் திறக்கவில்லை. மெல்றோயையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. தன் கிடங்கு, தன் பிள்ளையின் சீதனம், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தீர்மானம் நிறைவேறியது. எல்லாருக்கும் கேக்கும் சோடாவும் கொடுத்தார்கள். கேக் பிறிசில்லா அடித்தது.

அந்தக் கிழமையே என் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டை விட்டு வெளியேறினேன். பிறிசில்லா வாசலில் நின்று அழுதாள். அவளை அழ விட்டுத்தான் வந்தேன்.

வேலி போடுகிற நாளன்று களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் ஏறிப் போனேன். எதையும் தடுத்து நிறுத்த அல்ல, சீதேவிப்பிள்ளை தனியே நிற்கக் கூடாது என்று. கரையில் நீலக் கயிறு இழுத்து, கோட்டின் வழியே கட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள். மெல்றோய் கையில் பெரிய மரச் சுத்தியல். தகப்பன் பெயரைக் கெடுத்தவனுக்கு முதல் தடவையாகக் கட்டை நேராய் இறங்கிக்கொண்டிருந்தது. உதயரூபன் தூரத்தில் வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

சீதேவிப்பிள்ளை முழங்கால் சேற்றில், கோட்டுக்கு உட்பக்கம் நின்றார். காலடியில் புது மட்டை ஊறிக்கொண்டிருந்தது.

"தம்பி, மட்டை இன்னும் பதமாகல்ல. இப்ப எடுத்தா அடிக்க ஏலாது. மழைக்கு முந்தி எடுத்திருவன். மறுகா உங்கட கட்டைய அடிங்க."

"ஏலாது. கோட்டுக்க கிடக்கிறது ஒண்டையும் தொடக் கூடாது. ஓடர்."

"ஒள்ளுப்ப நாள்தான் மனே."

"ஓடர் எண்டு சொல்லுறனே!"

எனக்கு அடங்கவில்லை. "சீதேவி, இப்ப கெஞ்சுறத அண்டைக்குச் சபையில பேசியிருக்கலாமே! அது உங்கட கிடங்குச் சேறு எண்டு நான் கத்தக்க நீங்க ஏன் வாய் திறக்கல்ல?"

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். தயங்கித்தான் சொன்னார்.

"எனக்குத் தெரியும் ரீச்சர். அதுக்க அள்ளச் சொன்னதே நான்தான்."

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு விடியக் காலம தம்பி வள்ளத்த இந்தக் கரையில கொண்டந்து விட்டார். வாந்தி எடுத்தார். அக்கரைக்குப் போகணும், போனா வரமாட்டன், புள்ளைகள் ரெண்டும் தகப்பன் இல்லாம நிக்கும் எண்டு இந்த மணலில இருந்து சின்னப்புள்ள மாதிரி அழுதார். அதுக்கு முந்தின கிழமைதான் அங்க விறகுக்குப் போன ஒருத்தர மிதிவெடி கொண்டு போனது. என்ர புள்ள தகப்பன் இல்லாம வளந்தத நான் கண்டனான்தானே ரீச்சர். போகாத மனே, இந்தப் பழைய கிடங்கில அள்ளிக்கொண்டு போ, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டன். அவருக்குக் கை நடுங்கிச் சிந்துது. குழாய் எல்லாத்தையும் வாங்கி நான்தான் நிரப்பி மூடிக் குடுத்தன்."

"அத ஏன் சபையில சொல்லல்ல?"

"ஒரு ஆம்பிளை அழுதத அத்தின சனத்துக்க எப்பிடிச் சொல்லுற? சொல்லமாட்டன் எண்டு வாக்கும் குடுத்தனான். அவர் சொல்லுவார் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன்."

மெல்றோய் எட்டுகிற தூரத்தில்தான் நின்றான். ஒரு சொல் விடாமல் கேட்டான். கழுத்துவரை சிவந்து போனான். சுத்தியல் தாழ்ந்தது. அந்த ஒரு கணம், கடவுளே, அந்தக் கேடுகெட்டவன் மேலேயும் எனக்கு நம்பிக்கை வந்தது. அவன் ஓடிப்போய் உதயரூபனிடம் சொல்வான், கட்டைகளைப் பிடுங்குவான் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவன் திரும்பி உதயரூபனின் வான் வண்டியைப் பார்த்தான். பிறகு என் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டான்.

"அக்கா, அவருக்குக் கேட்டிருக்குமா?"

நான் அவன் முகத்தில் காறித் துப்பினேன். மலருக்குப் படம் கேட்டீர்களே, அதைப் பிடித்திருக்க வேண்டும்.

காக்கிச் சட்டையின் கையால் துடைத்துக்கொண்டான். அடுத்த கட்டையை எடுத்து நட்டான், இரண்டு அடி அடித்தான். சீதேவிப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், வாவியைப் பார்த்து, "பிளீஸ் ஸ்ராண்ட் அவுட்சைட் த லைன்" என்றான்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் விளங்கிக்கொண்டார். சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கி, மற்றக் காலைப் பிடுங்கி, கயிற்றைத் தாண்டி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.